தார் ஒட்டிய வெள்ளைக் கல்

1

இந்தக் கதை இன்று காலை என் கணவர் நுமேரியஸின் இடுப்புப் பையிலிருந்து விழுந்தது. ஒரு வெள்ளைக் கல். அதை இடது கையில் பிடித்தபடியே எழுதுகிறேன். மெழுகுப் பலகையில் எழுத்து கோணல்மாணலாகத்தான் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘ரோமின் வீரர்கள் புறமுதுகு காட்டியதே…’ பொய். காட்டினார்கள். என் அண்ணன் ஒபிடரும் நுமேரியஸும் இருந்த படைப்பிரிவே ஓடியது.

இரண்டாவது தொடக்கம்: ‘சட்டம் எல்லோருக்கும்…’

வேண்டாம். ஓடியவர்களில் பத்துக்கு ஒருவன் சாக வேண்டும். கூடாரத்தில் அவனோடு தின்று தூங்கிய மற்றவர்களே அவனைத் தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். அடிக்காதவனுக்கும் அதே கதிதான். இதற்கு அழகாக ஒரு தொடக்கம் தேடினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

3

தலைக்கவசத்துக்குள் பத்துக் கற்கள். ஒன்றில் மட்டும் காயாத தார்; அது வருகிறவனுக்குச் சாவு. அதிர்ஷ்டம் ஆளோடு கூடப் பிறக்கிறது என்று நம்புகிறவர்கள் நாங்கள். பகடையில் தோற்றே அறியாத அண்ணனையே எல்லோருக்கும் எடுத்துத் தரச் சொன்னார்களாம்.

“உன் கைராசிதான்டா எங்களுக்குக் கதி!”

“போன வாரம் என்னைத் திருட்டுப்பயன்னு சொன்னது எந்த வாயிடா?”

கவசத்துக்குள் நெடுநேரம் துழாவி, முதல் கல்லை என் கணவரிடம்தான் கொடுத்தான்.

“இந்தா மச்சான். பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போ.”

மற்ற எட்டுப் பேருக்கும் வெள்ளையே வந்தது. கடைசியில் மிஞ்சியது அண்ணனுக்கு.

(இந்த இடத்தில் அவன் சிரித்தான் என்று எழுதினேன். நம்ப முடியாமல் அழித்தேன். என் கணவர் சத்தியம் செய்கிறார், சிரித்தானாம்.)

4

அந்த வெள்ளைக் கல்லில் தாரில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே அரிவாள் வெட்டுத் தழும்பு. அது அண்ணனின் விரல்.

ஐயோ, தார்க்கல்லைத்தான் அவன் முதலில் தொட்டிருக்கிறான். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு, விட்டுவிட்டு, வேறு கல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அப்புறமும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளி வைத்திருக்கிறான். இதில் ராசி எங்கே வந்தது?

5

நுமேரியஸ் எதிரே உட்கார்ந்து வாற்கோதுமைக் கஞ்சி குடிக்கிறார். தப்பியவர்களுக்குத் தண்டனையாகக் கோதுமையை நிறுத்திவிட்டு அதைத்தான் போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கோதுமை ரொட்டியைத் தொடுவதில்லை.

“அந்தக் கல்லுல என்னங்க கறை?”

“ஏதோ அழுக்கு. எழுதி முடிச்சிட்டியா?”

“முடிவு வரல.”

“அதுல என்ன முடிவு? அவன் ராசி அன்னிக்குன்னு பாத்து கைவிட்டுருச்சு. அப்படி நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. எங்க, படிச்சுக் காட்டு.”

அவர் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார். அப்படியென்றால் அவரும் அண்ணனை அடித்திருக்கிறார். இதுவரை நான் கேட்டதில்லை.

6

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அவர் அப்புறம்…

முடிவு இரண்டு: எழுத்தாணியின் தட்டை முனையால் நான்காம் பகுதியைத் தேய்த்துவிடுகிறேன். அவர் தூங்குகிறார். அண்ணன் வெறும் ராசி கெட்டவனாகச் செத்துப்போகிறான்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நான்காம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள், அதனால் நான் அதைத் தேய்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் அதை வாசித்தேனா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பலகையை உங்களிடம் தருகிறேன். அவர் முகத்தைப் பார்த்து நீங்களே வாசியுங்கள்.