லரிசா திறக்காத பெட்டி

"உள்ளே என்ன சத்தம்?"

சோதனைச் சாவடிச் சிப்பாய் வேனின் பின்கதவில் காதை வைத்தான். வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டான்.

"பயணிங்கப்பா," என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அல்கிஸ். "பத்துப் பதினஞ்சாயிரம் பேர் இருப்பாங்க. ஒருத்திகிட்டயும் பாஸ்போர்ட் கிடையாது."

"நீ சும்மா இருக்கியா?" என்று கொழுந்தனை அதட்டிவிட்டு ஆல்தோனா கீழே இறங்கினாள். "தேனீ, தம்பி. லித்துவேனியாவுலேர்ந்து கொண்டு வர்றோம். திறந்து காட்டட்டுமா?"

"ஐயோ, வேணாங்க!" சிப்பாய் இரண்டடி பின்வாங்கினான். பிறகு துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, குரலைத் தணித்துக் கேட்டான். "தேன் ஏதாவது இருக்கா?"

ஒரு பாட்டில் தேன் கைமாறியது. வேன் தெற்கே கிளம்பியது.

ஆல்தோனாவின் ஊரில் தேனீ வளர்ப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. போரில் பெட்டிகளை இழந்த உக்ரைன் நண்பர்களுக்கு வீட்டுக்கு ஒரு தேனீக் கூட்டம். கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆல்தோனாவின் பொறுப்பு. வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்த கையோடு சோறு போட்டார்கள். அல்கிஸின் பெல்ட் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது.

இப்போது மிச்சம் ஒரே பெட்டி. அது லரிசாவுக்கு.

உண்மையைச் சொன்னால், ஆல்தோனா புறப்பட்டதே லரிசாவுக்காகத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் ஆல்தோனாவின் தேனீக்கள் நோயில் மொத்தமாகச் செத்துப்போயின. கண்காட்சியில் ஒரே ஒரு முறை சந்தித்துப் பேசிய லரிசா, சேதி கேட்டதும் மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வந்து நின்றாள். ஆல்தோனாவின் மண்ணில் தேனீயை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. கொடுத்தவரும் எடுத்தவரும் அன்றிலிருந்து சொந்தக்காரர்கள். அவள் வீட்டில் அதற்கு மேல் ஒரு வழக்கமும் உண்டு: வந்த பெட்டியின் வாசலை, பெற்றுக்கொள்பவர்தான் தன் கையால் திறக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

அந்த லரிசாவின் தோட்டத்தில் குண்டு விழுந்தது. பெட்டிகள் அத்தனையும் எரிந்தன. பெட்டிகளைக் காப்பாற்ற வயல் வழியாக ஓடிய அவள் கணவன் ஓஸ்தாப்பின் இடது கால் கண்ணிவெடியில் போனது. அவன் இன்னும் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தான். முதலில் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த லரிசா, பிறகு ஒரு வரி செய்தி மட்டும் அனுப்பினாள். கடைசியாக வந்த செய்தி ஒரே வார்த்தை. 'வராதே.'

'வருகிறேன்' என்று ஆல்தோனாவும் ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு வண்டி ஏறியிருந்தாள்.

லரிசா வாசலிலேயே நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அணைத்த அணைப்பில் மட்டும் பழைய பலம்.

"வராதேன்னா வருவே. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றாள் ஆல்தோனாவின் காதருகே. "வா, சாப்பிடு. ஆனா அந்தப் பெட்டி வண்டியை விட்டு இறங்கக் கூடாது."

"ஏன்டி?"

லரிசா வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. அதற்கப்பால், இரண்டு வருஷமாக ஏர் படாத வயல். ஊதாவும் மஞ்சளுமாகக் காட்டுப்பூக்கள் அடிவானம் வரை மண்டிக் கிடந்தன.

"நாங்க கால் வைக்க முடியாத நெலம். அதுல எங்கே மேய விடறது?"

"மேயப் போறது நீயா, அதுங்களா? அதுங்களுக்குத்தான் றெக்கை இருக்கே."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா தினம் காலைல எழுந்து போறப்ப, பெட்டி இருக்கணுமே, இருக்கணுமேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுப் போகணும். என்னால ஆகாதுடி. ஓஸ்தாப்கிட்ட தேனீன்னு வாயைத் திறந்தாலே போனை வெச்சிடறார். மத்ததுக்கெல்லாம் ஒரு 'ம்'. அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டு பானாஸ் கிழவர் வேலி மேல் தாடையை வைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அவளுக்கு வேணாம்னா எனக்குக் குடும்மா. எனக்கு யாரும் எதுவும் கொண்டு வர்றதில்லே," என்றார்.

"உங்களுக்குத் தேனீயைக் கண்டாலே ஆகாதே, மாமா!" என்றாள் லரிசா.

"கண்டாத்தான் ஆகாது. தேன் ஆகும்."

ஆல்தோனாவுக்குப் பிடிவாதம் பிறந்ததிலிருந்தே கூட வருவது. அல்கிஸைப் பிடிக்கச் சொல்லி, பெட்டியை வாதுமை மர நிழலில் இறக்கினாள். "நீ திறக்கிற வரைக்கும் இது இப்படியே மூடி இருக்கும்," என்றாள்.

"அண்ணி, வெயில் ஏறுது," என்று அல்கிஸ் கிசுகிசுத்தான். "நானே வாசலைத் திறந்து விட்டுடறேனே?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். அவ கைதான் திறக்கணும்."

பீட்ரூட் சூப்பும் செர்ரிப் பழம் வைத்த கொழுக்கட்டையும் மேஜைக்கு வந்தன. பேச்சு சுவாரசியத்தில் மர நிழல் நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. பெட்டி முழு வெயிலில் நின்றது.

திடீரென்று இரண்டு பெண்களின் கரண்டிகளும் ஒரே சமயத்தில் நின்றன. ரீங்காரத்தின் சுருதி ஏறிவிட்டிருந்தது.

"அடிப்பாவி, உள்ளே வேகுதுங்க!" என்று லரிசா அலறினாள்.

முதலில் ஓடியவன் அல்கிஸ். வழக்கமாவது மண்ணாவது என்று வாசல் வலையைப் பிடுங்கி எறிந்தான். புகை கிளம்புவதுபோலத் தேனீக்கள் பொங்கி வெளியே வந்தன. இன்னும் தேனடை கட்டாத இளங்கூட்டம். அந்தப் பெட்டியில் அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ராணியோடு மொத்தமும் ஒரு மேகமாக எழும்பி, வேலியைத் தாண்டி, சிவப்புப் பலகைகளைத் தாண்டி, வயலுக்குள் தனியாக நின்ற ஆப்ரிகாட் பழ மரத்தின் கிளையில் போய்ப் பழுப்புக் கொத்தாகத் தொங்கியது.

ஆல்தோனா என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பலகைகளுக்கு இடையே கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவைத் தாண்ட ஒரு கால் உயர்ந்தபோது, பின்னாலிருந்து அவள் ஜாக்கெட்டைப் பிடித்து ஒரு கை சுண்டி இழுத்தது. இருவரும் புழுதியில் உருண்டார்கள்.

"இந்த வீட்டுக்கு ஒரு கால் போனது போதாதா?" என்று லரிசா சீறினாள். "உன் காலையும் கொடுக்கணுமா?"

ஆல்தோனா எழுந்திருக்கவில்லை. "என் வறட்டுப் பிடிவாதம். மூடியே வெச்சு நானே கெடுத்தேன்," என்று தரையைப் பார்த்து அழுதாள். இத்தனை தூரம் வந்தது இதற்குத்தானா? கூட்டம் ராத்திரி கிளையில் தங்கும், நாளைக்கு எந்தப் பக்கமோ பறந்துவிடும். அதோடு லரிசாவுக்கும் தேனீக்கும் இருந்த கடைசி நூலும் அறுந்துவிடும்.

லரிசா அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பானாஸ் மாமா, ஏணியை எடுத்துட்டு வாங்க!"

"அந்த மரத்துக்கா? நான் வரலேம்மா. இருக்கிற ரெண்டு காலும் எனக்கு வேணும்."

"என் கொட்டகைக் கூரைக்கு. சீக்கிரம்!"

நிலவறைக்குள் போனவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீல வண்ணம் அடித்த பழைய பெட்டி. வாசலில் கந்தல் துணி அடைத்திருந்தது. உள்ளே கறுத்துப்போன பழைய அடைகள்.

"எல்லாம் எரிஞ்சு போச்சுன்னியே?" என்றாள் ஆல்தோனா.

"எரிஞ்சுதான் போச்சு. இது பழுது பார்க்கறதுக்காக உள்ளே கிடந்தது. தூக்கிப் போடணும், போடணும்னு இருந்தேன்." தோட்டத்தில், தேனீக்களை வாசனையால் இழுக்கும் எலுமிச்சை மண இலைகளை ஒரு பிடி பறித்து, பெட்டியின் உட்புறம் முழுக்கத் தேய்த்தாள். "போடலை."

அல்கிஸ் பெட்டியைக் கூரைமேல் ஏற்றினான். லரிசா ஏணியில் ஏறி, காற்று வயல் பக்கம் வீசுகிறதா என்று விரலை நனைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த கந்தலை உருவினாள்.

சாயங்காலம் ஒரு தேனீ வந்தது. நுழைந்தது, வெளியே வந்தது, பெட்டியைச் சுற்றிப் பார்த்தது, போய்விட்டது. சற்று நேரத்தில் இன்னும் சில வந்தன.

"வீடு பார்க்க வந்திருக்காங்க," என்றார் பானாஸ். "என் மருமக மாதிரிதான். மூலை முடுக்கெல்லாம் பார்த்துட்டு, கடைசியில வேணாம்பாளுங்க."

"வாயைக் கழுவுங்க, மாமா!"

தொலைவில் எங்கோ குண்டு வெடித்துக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் கூரைமேல்தான்.

மறுநாள் வெயில் உறைக்க ஆரம்பித்த நேரத்தில் கிளையிலிருந்த கொத்து குலைந்தது. மேகம் எழும்பியது. ஒரு கணம் எதிர்த்திசையில் சாய்ந்தது. ஆல்தோனா அல்கிஸின் கையைப் பிடித்த பிடியில் அவன் "அண்ணி, வலிக்குது!" என்றான். பிறகு மேகம் திரும்பியது. மனிதக் கால் பட முடியாத அந்தப் பூக்களுக்கு மேலே, கண்ணிவெடிகளுக்கு மேலே, நிதானமாக மிதந்து வந்தது. முகவலை கூட இல்லாமல் லரிசா ஏணி உச்சியில் நின்றாள். தேனீக்கள் அவள் தலையில், தோளில், கையில் இறங்கி, நடந்து, நீல வாசலுக்குள் தண்ணீர் வடிவதுபோல உள்ளே போயின.

"வாசலைத் திறந்தது யார் கை?" என்று கீழேயிருந்து ஆல்தோனா கேட்டாள்.

லரிசா குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "போடி," என்றாள். முகம் மலர்ந்துவிட்டிருந்தது.

ஏணியில் நின்றபடியே போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, எதுவும் பேசாமல் பெட்டியருகே நீட்டினாள். போனில் நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவானோ என்று ஆல்தோனா பயந்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றது ஓஸ்தாப்பின் குரல்.

"நம்ம நீலப் பெட்டி."

"ராணி உள்ளே போயிட்டாளா?"

"பார்க்கலே. கூரைமேல வெச்சிருக்கோம், அதனால..."

"கூரைமேலயா? எந்த மடையன் வெச்சான்? காத்து அடிச்சா கவுந்துடாது?"

கீழே அல்கிஸ் கையைத் தூக்கினான். "நான்தான்னு சொல்லிடுங்க!"

"இருட்டினதும் மெதுவா இறக்கு. வாசல் தென்கிழக்கே பார்க்கணும். கல்லு மேல வை, தரையில வைக்காதே. கேக்குதா? நான் வந்து பார்ப்பேன். கோணலா இருந்தா திட்டுவேன்."

"திட்டுங்க," என்றாள் லரிசா. "வந்து நல்லாத் திட்டுங்க."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கீழே பார்த்துக் கத்தினாள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கறே? கல்லு தேடு, போ!"