மிவா மலைக்கு முன்னால் கஸ்தூரி

அண்ணாமலை அடிவாரத்துக் கிராமமான அடி அண்ணாமலையிலிருந்து ஜப்பானுக்குப் போய்வந்த முதல் ஆள் கஸ்தூரிதான். விவசாய இலாகாவில் கிராம சேவிகை. 1983இல் நெல் சாகுபடிப் பயிற்சிக்காக அவளை இரண்டு மாதம் அனுப்பியிருந்தார்கள். அவள் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். நடவு இயந்திரத்தைப் பற்றி அவள் பேசி முடித்ததும் சங்கத் தலைவி பச்சையம்மாள் எழுந்தாள்.

“அதெல்லாம் சரிம்மா. அங்க கோயில் இருக்குதா? சாமி எப்படி இருக்கும்?”

கஸ்தூரிக்கு முகம் மலர்ந்தது. அவள் சொல்லத் துடித்துக்கொண்டிருந்ததே அதைத்தான்.

பயிற்சியின் கடைசி வாரம், பல நாட்டுக்காரர்களோடு அவளையும் நாரா பக்கத்தில் மிவா மலையடிவாரத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஷிண்டோ என்னும் அந்நாட்டுப் பழைய வழிபாட்டுக் கோயில். வாசலில் தண்ணீர்த் தொட்டி. அகப்பையால் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போகவேண்டும். மண்டபத்தில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். எல்லோரும் அப்படியே செய்தார்கள். ஆனால் மண்டபத்துக்குப் பின்னால் கருவறையே இல்லை. கென்யாவிலிருந்து வந்தவர் எட்டி எட்டிப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் தனகா தயங்கினார். “இங்கே மலைதான் தெய்வம். வெளிநாட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.”

“எனக்கு யாரும் புரியவைக்க வேண்டாம்” என்றாள் கஸ்தூரி.

கூட வந்தவர்களுக்கு அவளே சொன்னாள். எங்கள் ஊரிலும் மலைதான் சிவன். அதைச் சுற்றி வருவதே பூசை. காலில் செருப்பு போடமாட்டோம். சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டு, உடம்பை உறையவைக்கும் அந்தக் குளிரில் சரளைக்கல் மேல் வெறுங்காலோடு நின்றாள். தனகா விஷயத்தை விளக்கியதும், அங்கிருந்த வயதான பூசாரி அவள் முன்னால் வந்து இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

“உங்கள் மலைக்கு என்ன வயது என்று கேட்கிறார்.”

“யாருக்கும் தெரியாது என்று சொல்லுங்கள்.”

பூசாரி சிரித்தார். “எங்கள் மலைக்கும் அப்படித்தானாம்” என்றார் தனகா.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் இன்னும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

“அந்த ஊரு அய்யரு உன்னைக் கும்பிட்டாரா?” பச்சையம்மாளுக்கு நம்ப முடியவில்லை.

“என்னை இல்லீங்க. நம்ம மலைய.”

சொல்லும்போது கஸ்தூரியின் தலை தானாக நிமிர்ந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னலோரம் இருந்தவர்கள் வெளியே மலைப்பக்கம் திரும்பினார்கள்.

“அடுத்த மாசம் கீழ்பென்னாத்தூர் மாதர் சங்கக் கூட்டத்துல மொதல்ல இதைச் சொல்லு, மெஷின் கதைய அப்புறம் வச்சிக்கலாம்” என்றாள் பச்சையம்மாள். “நானும் வரேன். எங்க ஊரு பொண்ணுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணாமா?”