கிளினிக் கிழமை

"கிளினிக் கிழமையிலையும் கஞ்சியோ? எத்தினைதரம் சொல்லிப்போட்டன் உனக்கு? கொண்டுபோய் உன்ரை மனுசனுக்குக் குடு."

சொன்னவள் விமலேஸ்வரி. சொல்லிக்கொண்டே, தன் புருசனின் தங்கச்சி சிவனேஸ்வரி கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கவிழ்த்து, இலைக்கஞ்சி முழுவதையும் வாழையடியில் ஊற்றினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் தண்ணீர் வாங்கியும் அந்தச் செடி அன்று அழுகாமல் தப்பியது அதன் அதிர்ஷ்டம். இருவரும் விடிந்ததிலிருந்து உரத்துத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கடைசி வசனம் எல்லை தாண்டிவிட்டது. முள்ளிவாய்க்காலில் மனுசனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? விமலேஸ்வரியும் நினைத்துச் சொல்லியிருக்கமாட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் முந்தி நடக்கும், மனம் பின்னால் செருப்பைத் தேடும்.

"கஞ்சியை ஊத்தினது பரவாயில்லை மச்சாள்," என்றாள் சிவனேஸ்வரி. தூக்குச்சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் விமலேஸ்வரியின் புருசன் ஐயாத்துரை அண்ணரின் வலது கால். போன போகத்துக்கு உழுதுகொண்டிருந்தபோது அந்தக் கால் திடீரென்று விறைத்து, பனிக்கட்டிபோலக் குளிர்ந்துவிட்டது. இருதயம் தாளம் தப்பி அடிக்கிறதாம், அதற்குள் திரண்ட ரத்தக்கட்டி ஒன்று இறங்கிப்போய்க் கால் நாளத்தை அடைத்துவிட்டதாம். தொடையைத் திறந்து எடுத்தார்கள். எடுத்த கட்டி மண்புழு அளவு என்றுதான் விமலேஸ்வரி சொன்னாள். அது பூவரசங்குளம் சந்தியைக் கடக்கும்போது சாரைப்பாம்பாக வளர்ந்திருந்தது. நான் அதில் ஒரு சாண் கூடக் கூட்டவில்லை, மற்றவர்களைப்பற்றி எனக்குத் தெரியாது.

கால் தப்பியது. இனிக் கட்டி திரளாமல் இருக்க நாளாந்தம் விழுங்கக் குளிசை. ஊர் அதற்கு வைத்த பெயர் 'ரத்தம் தண்ணியாக்கிற குளிசை'. மாதத்துக்கு ஒருதரம் கிளினிக்கில் ரத்தம் எடுத்து, குளிசை எவ்வளவு வேலை செய்கிறது என்று ஓர் இலக்கத்தில் சொல்வார்கள். இலக்கம் குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. இலைவகை குளிசையின் வேலையைக் குறைக்கும், அதனால் கவனம், கூட்டாமல் குறைக்காமல் எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும் என்று தாதி சொல்லிவிட்டாள். விமலேஸ்வரியின் காதில் 'கவனம்' மட்டும் விழுந்தது. ஆகவே கிளினிக்குக்கு முந்திய கிழமை ஏழு நாளும் முருங்கையிலை இல்லை, வல்லாரை இல்லை, பொன்னாங்காணி இல்லை. கல்விக் கந்தோரிலிருந்து சோதிக்க ஆள் வருகிறதென்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிப்பதுபோலத்தான். அந்தக் கிழமைக்கு வீட்டில் 'கிளினிக் கிழமை' என்றே பெயர். மற்றக் கிழமைகளில் தங்கச்சி வீட்டுக் கஞ்சி வரும், அண்ணர் குடிப்பார், விமலேஸ்வரி கண்டும் காணாததுபோல் கோழிக்குத் தவிடு குழைப்பாள். சம்பந்தியாக வரப்போகிறவளோடு கஞ்சிக்காக எதற்குப் பகை? சிவனேஸ்வரியின் மகன் நிருஷனுக்குத்தான் அண்ணரின் மகள் கஜனி என்பது, இரண்டும் மூக்கு வடித்த காலத்திலேயே முடிவான விசயம்.

அன்று படலையால் வெளியேறிய சிவனேஸ்வரி நேரே என் குசினிக்குத்தான் வந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன், கதை கேட்கலாம் என்று சீனியும் தாராளமாகப் போட்டேன். விமலேஸ்வரியைப்பற்றி நல்ல கதையாக ஏதும் வரும் என்றிருந்தேன். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

"ரத்தத்தை உறையவிடாமல் வைச்சிருக்க ஒரு குளிசையாம் அக்கா," என்றாள். "அவருக்கு அண்டைக்கு உறையேல்லை. கட்டியிருந்த சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுக் கட்டினனான். உறை உறை எண்டு கையாலை பொத்திக்கொண்டு இருந்தனான். உறையேல்லை. இப்ப அண்ணைக்கும் தண்ணியாக்குகினமாம். நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அதுதான் இலைக்கஞ்சி குடுக்கிறன், ரத்தம் ஊறட்டும் எண்டு."

நான் அடுப்பை ஊதுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அந்தமுறை கிளினிக் கிழமை, கோபத்தில், வழமையைவிடக் கடும் பத்தியமாக நடந்தது. தங்கச்சி வீட்டுப் பக்கம் அண்ணர் தலைவைத்தும் படுக்கவில்லை. இலக்கம் கூடிப்போயிருந்தது. சாப்பாட்டில் ஏதும் மாற்றம் உண்டா என்று டொக்டர் கேட்டிருக்கிறார். என்றைக்கும் இதே பத்தியம்தான் என்று விமலேஸ்வரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் குளிசை கூடுதலாக வேலை செய்கிறது என்று அவர் அளவைக் குறைத்துவிட்டார். ஏதோ மனுசனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல அவள் அதை வீடு வீடாகச் சொன்னாள். எனக்கு இரண்டுதரம் சொன்னாள்.

கிளினிக் முடிந்ததும் அண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் குடிக்கத் தொடங்கினார். மனுசி ஊற்றியதற்கும் சேர்த்து அங்கே பெரிய கோப்பையில் கிடைத்தது. இரண்டு பக்கமும் தலையாட்டியே காலம் தள்ளிய மனிதர் அவர். ஒருநாள் பொட்டுக்குள் வைத்து என்னிடம் பிடிபட்டார்.

"அவளுக்கு வேறை ஆர் இருக்கினம் பிள்ளை?" என்றார். "நான் ஒரு கோப்பை குடிச்சா அவளின்ரை முகம் தெளியுது. விமலாவுக்குச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் புதினமாக ஒன்றும் இருப்பதாக அப்போது எவருக்கும் தெரியாது.

குளத்தில் தண்ணீர் திறந்த அன்று, வாய்க்கால் வரம்பில் வைத்து அதே கால் மறுபடி குளிர்ந்தது. விறைப்பு, நடந்தால் சரிவரும் என்று அவர் கொஞ்சநேரம் நொண்டிப் பார்த்திருக்கிறார். பிறகு மரத்தடியில் சாய்ந்துவிட்டார். வீட்டுக்கு ஆள் வந்து சொல்லி, வாகனம் பிடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பாதம் நீலம் பாய்ந்திருந்தது. மறுபடியும் நாளத்தைத் திறந்து பார்த்தார்கள். கால் திரும்பவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனேன். உதவிக்கென்று சொன்னால் பொய், பார்க்கத்தான் போனேன். விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்கில் விமலேஸ்வரி ஒரு முனையிலும் சிவனேஸ்வரி மறு முனையிலும் இருந்தார்கள், நடுவில் கஜனி. இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி வந்து, குளிசை ஒழுங்காகக் குடித்தாரா, என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். விமலேஸ்வரி பத்தியம் என்று தொடங்கினாள். சிவனேஸ்வரி எழுந்து நின்று, கஞ்சி கொடுத்ததைச் சொன்னாள். என்ன இலை, எவ்வளவு, எந்தெந்த நாள் என்று எல்லாவற்றையும், பொலிசில் நின்று சொல்வதுபோலச் சொன்னாள். கிளினிக் கிழமையில் மட்டும் மச்சாள் குடிக்கவிடமாட்டாள் என்றும் சொன்னாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மச்சாளுக்குச் சாட்சியாகத்தான் சொன்னாள்.

அந்தப் பிள்ளை கையிலிருந்த கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள்.

"கஞ்சியிலை பிழையில்லை அம்மா. எல்லா நாளும் ஒரே அளவாக் குடுத்திருந்தா, அதுக்கேத்தமாதிரிக் குளிசையை நாங்கள் கூட்டியிருப்பம். இஞ்சை வரேக்கை மட்டும் நிப்பாட்டினதாலை, நாங்கள் பாத்தது வேறை ஆற்றையோ ரத்தம் மாதிரித்தான். அதை நம்பிக் குளிசையையும் குறைச்சுப்போட்டம்."

அவள் போனபிறகு நான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன். இப்போது தொடங்கும், இப்போது தொடங்கும் என்று இருந்தேன். கொடுத்தவள் நீ, நிறுத்தியவள் நீ, மறைத்தவள் நீ என்று ஒரு வருசத்துக்குக் காணும் சண்டை அதில் இருந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. விமலேஸ்வரி முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். சிவனேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ஒரு தீபாவளிக்கோ சித்திரைக்கோ தீர்ந்திருக்கும்.

சம்பந்தத்தை ஒருவரும் முறிக்கவில்லை. அதைப்பற்றி ஒருவரும் கதைக்காமல் விட்டதில் அது தானாக இத்துப்போனது. நிருஷன் தாயைக் கூட்டிக்கொண்டு கனகராயன்குளத்துக்குப் போனான். அங்கேயே பிரியந்தினி என்ற முன்பள்ளி ரீச்சரைக் கட்டினான். நல்ல பிள்ளையாம், கொஞ்சம் நெட்டையாம். கஜனியைச் செட்டிகுளத்து அஜந்தனுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கலியாணத்துக்குச் சிவனேஸ்வரி வரவில்லை, கூறைக்குக் குறையாத சேலை ஒன்று மட்டும் வந்தது. மாமி தந்தது என்று கஜனி அதை எனக்குக் காட்டவில்லை. நானாகத்தான் கேட்டுப் பார்த்தேன்.

இப்போது விமலேஸ்வரி தினமும் விடிய இலைக்கஞ்சி காய்ச்சுகிறாள். ஒரே இலை, ஒரே கோப்பை. கிளினிக் கிழமை, மற்றக் கிழமை என்ற பேதம் அந்த வீட்டில் இல்லை. இலக்கம் அசையாமல் நிற்கிறதாம். முற்றத்துக் கதிரையில் இருந்து அண்ணர் குடிப்பார். ருசி எப்படி என்று நான் ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டதற்கு, "குடிக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்போம். வாழையடியில் கிடந்த சிவனேஸ்வரியின் தூக்குச்சட்டி, சாம்பல் போட்டு மினுக்கி, படலைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. உள்ளே அரிசி இருக்கிறது. வண்டு விழுந்தால் விமலேஸ்வரி அதைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, புது அரிசி போட்டு, மூடி, மறுபடி அதே ஆணியில் கொழுவுகிறாள்.