தவளைகள் முந்திக் குதித்த கரை

அன்று காலை குளக்கரையில் இருந்தவர்கள் நான்கே பேர்: குளத்துக்குச் சொந்தக்காரர் அடைக்கலம், அவருடைய மருமகள் பிரகதீஸ்வரி, அடுத்த வயல்காரர் அழகுமலை, தவளைகளைப் பார்க்க வந்த ஆராய்ச்சி மாணவி இலக்கியா. ஐந்தாவதாக யாராவது "நானும் இருந்தேன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் அடைக்கலத்தின் பாட்டனார் வெட்டிய குளம் அது. நம் வயல்களில் கத்தும் பெருந்தவளை எப்படியோ அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வந்தேறியாகப் பெருகிவிட்டதாம், கோழிக்குஞ்சைக்கூட விழுங்குகிறதாம். பாம்பு நெருங்கினால் தீவின் சொந்தத் தவளை எப்போது குதிக்கிறது, வந்தேறி எப்போது குதிக்கிறது என்று அங்கே அளந்துவிட்டு, பிறந்த மண்ணிலும் அளக்க வந்திருந்தாள் இலக்கியா. இங்கே சரிப்படாவிட்டால் குளத்தூர்ப் பக்கம் போய்விடுவாள். கட்டுரையில் தன் குடும்பக் குளத்தின் பெயர்தான் வர வேண்டும் என்று அடைக்கலம் குறியாக இருந்தார்.

தூண்டில் நரம்பில் கட்டிய ரப்பர் பாம்பை அவள் மெல்ல இழுத்தாள். பத்தடி தள்ளி வரும்போதே தவளைகள் தொபுக் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தன.

"போன வாரம் நீங்க அனுப்புன போட்டோல கரை முழுக்கப் புல்லு இருந்துச்சே, ஐயா?"

அடைக்கலத்துக்குக் காது சூடேறியது. வெளியூர் ஆள் வரும்போது கரை புதராகக் கிடந்தால் வீட்டுக்குத்தானே இழுக்கு என்று முந்தின நாள் ஆள் விட்டு அறுக்கச் சொன்னவர் அவர்தான். வாயில் வந்தது வேறு.

"அழகுமலை ஆடுக மேஞ்சிருச்சு, தாயி."

அவள் எழுதிக்கொண்டாள்.

அழகுமலை குனிந்து ஒரு புல் தூரைப் பிடுங்கி நீட்டினார். "ஏண்ணே, எம் ஆடு அருவா வச்சா மேஞ்சுச்சு?"

பிரகதீஸ்வரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"அங்கிட்டு என் வய ஓரத்துக் கரைல புல்லு அப்படியே கெடக்கு. இழுத்துப் பாரு பாப்பா" என்றார் அழகுமலை.

அங்கே புல்லுக்குள் ஒரு பெருந்தவளை. பாம்பு நான்கடியில், இரண்டடியில், ஒரு சாணில். தவளை அசையவில்லை. யார் முன்னாலும் குந்தாத அடைக்கலம் தன்னையறியாமல் குந்திவிட்டார். "கல்லா, உசுரா இது?" என்று கிசுகிசுத்தார். நான்கு விரற்கடை வந்ததும் ஒரே தாவு; போகிற போக்கில் அவர் வேட்டியில் பீச்சிவிட்டுப் போனது.

"மாமா, வேட்டி!"

"கெடக்கு விடும்மா. இன்னொண்ணு இருக்கான்னு பாரு."

இலக்கியா நாடாவைப் பிடித்து அளந்தாள். "ஒளிய எடமில்லாத கரைல முந்திக் குதிக்குது, புல்லுக்குள்ள கடைசி வரைக்கும் உக்காந்திருக்கு. ஒரே குளத்துல ஒரு கரை மொட்டை, ஒரு கரை புல்லு! ரெண்டுமே எனக்கு வேணும், ஐயா. ஆனா மேஞ்சதா, அறுத்ததான்னு நிச்சயமாத் தெரியணும். ஆடு தினம் வந்து போனா தவளைக்குப் பழகியிருக்கும், கணக்கே மாறிடும். சந்தேகம்னா இந்தக் குளத்தையே விட்டுடணும்."

அடைக்கலம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நோட்டுல எழுதுன ஆட்ட அடிச்சிடு, தாயி. அறுக்கச் சொன்னது நான். எம் பேரையே எழுதிக்க."

"அப்ப எம் ஆட்டு மேல கேஸ் இல்லல்ல?" என்றார் அழகுமலை.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு பேச்சு: அடைக்கலம் கரைக்குப் பூச்சிமருந்து அடித்தாராம், அதனால்தான் தவளைகள் ஓடினவாம். மருந்து அடிக்கவில்லை. புல்லை அறுத்தார்கள். அறுக்கச் சொன்னவர் அடைக்கலம்.