நடுவப்பாரில் போட்டவை

ஜெபசீலனின் தொடைக் கட்டைப் பிரித்தபோது புண்ணிலிருந்து மீண்டும் புகை வந்தது. டாக்டர் ஈரத்துணியை அதன்மேல் அழுத்திவிட்டு, என்ன பட்டது என்று கேட்டார். மண்ணெண்ணெய் அடுப்பு என்றான் ஜெபசீலன். அடுப்புத் தீ இப்படித் திரும்பத் திரும்பப் புகையாது என்று சொன்ன டாக்டர், காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவனுக்குத் தொடை வெந்தால் போலீசுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: மீனைக் கொல்லக் கடலில் வீசும் தோட்டா. இன்ஸ்பெக்டர் உமாராணி வீட்டைச் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. மிச்சத்தைக் கடலில் எறிந்திருப்பான் என்று முடிவு செய்தார். வழக்குப் பதிவானால் ஜெபசீலனுக்குச் சிறை; வள்ளமும் பறிபோகும்.

நடந்தது தெரிந்த இன்னொருவன் ரோச். ஜெபசீலனின் மனைவி பனிமயம் அவனுக்கு அக்கா. மச்சானும் மச்சினனும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். அன்று நடுவப்பாரில் இறங்கியிருந்தார்கள். பார் என்று அவர்கள் சொல்லும், கடலடியில் நீண்டு கிடக்கும் அந்தப் பாறைத்திட்டில்தான் திரேஸ்புரத்துக்காரர்கள் சங்கு எடுப்பார்கள். ஜெபசீலன் மெழுகு போன்ற மஞ்சள் கட்டி ஒன்றோடு மேலே வந்தான். அம்பர் என்றான். திமிங்கலம் கக்குகிற அம்பருக்குக் கோடி விலை என்பதும், கையில் வைத்திருந்தால் ஜெயில் என்பதும் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்த்தவர்கள்தான் இல்லை. பூண்டு வாடை வருகிறதே என்று ரோச் சந்தேகப்பட்டான். அம்பர் நாறத்தான் செய்யும் என்று ஜெபசீலன் அதை டவுசர் பைக்குள் செருகிக்கொண்டான். கரை சேருமுன் வெயிலில் துணி காய்ந்தது. காய்ந்ததும் பை தீப்பற்றியது.

ரோச் நிலையத்துக்குப் போய் அம்பர் உட்பட எல்லாவற்றையும் சொன்னான். அது படைக் கப்பல்கள் சுட்ட குண்டிலிருந்து கசிந்த மருந்தாகத்தான் இருக்கும் என்றான். உமாராணி பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரிலிருந்த கடல் வரைபடத்தில், கப்பல்கள் சுட்டுப் பழகும் இடத்தையும் நடுவப்பாரையும் தொட்டுக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தது.

"ஃபயரிங் ஏரியா இங்கன இருக்கு. குண்டு அங்கருந்து நீந்தியா வந்துச்சு?"

மறுநாள் ரோச் தனியாக வேறொரு வள்ளத்தில் போய், மச்சான் கட்டி எடுத்த இடத்துக்கு அப்பாலும் தேடினான். ஒரு பள்ளத்தில் துருப்பிடித்த குண்டுகள் குவியலாகக் கிடந்தன. சுற்றிலும் பவளம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. சங்குகள் இருந்தன, உள்ளே உயிர் இல்லை. புரட்டியதெல்லாம் வெறும் கூடு. ஒரு குண்டின் கழுத்தில் நீல நைலான் கயிறு முடிச்சிட்டிருந்தது. விசைப்படகுக்காரர்கள் சுமையை இறக்கப் போடும் முடிச்சு. வானத்திலிருந்து விழும் குண்டுக்கு யாரும் கயிறு கட்டுவதில்லை.

அவன் ஒரு மஞ்சள் கட்டியை ஊறுகாய்ப் பாட்டிலில் கடல்தண்ணீரோடு அடைத்துக்கொண்டு நேராக மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான். ஏலக்கூடத்தில் விசைப்படகு டிரைவர் வன்னியபெருமாள் தன் ஆட்களோடு வலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, சங்குகுளிப் பயலுக்கு இங்கன என்ன சோலி?"

நடுவப்பாரில் குண்டு போடுவது யார் என்று ரோச் கேட்டான். வன்னியபெருமாள் மறைக்கவில்லை. எல்லாப் படகும்தான் என்றார். வலையில் வெடிக்காத குண்டு வந்தால் கிடைத்த இடத்திலேயே தள்ளக் கூடாது. நாளைக்கு அடுத்தவன் வலையில் ஏறும். பாரில் இறக்கினால் ஏறாது. பாறை வலையைக் கிழிக்கும் என்பதால் எந்த விசைப்படகும் அங்கே இழுக்காது. ஒருவருக்கொருவர் கெடுதல் செய்யாமலிருக்க அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பாருக்குள் இறங்கும் ஆட்களைப் பற்றி யாரும் நினைத்ததில்லை.

அதை ஸ்டேஷனில் வந்து சொல்லும்படி ரோச் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொன்னால் குண்டு எடுக்கிறோம் என்று கடலையே மூடிவிடுவார்கள், உன் மச்சான் சோறு போடுவானா என்றான் ஒருவன். தோட்டா கட்டத் தெரியாதவன் எதற்குத் தோட்டா கட்டினான் என்றான் இன்னொருவன். ஒருவன் ரோச்சின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினான்.

ரோச் திருப்பி அடிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து கட்டியைச் சிமெண்ட் தரையில் கொட்டினான். தண்ணீர் வடிந்தது. கூடத்தின் ஓரம் வெயில் விழும் இடம் அது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈரம் உலர்ந்ததும் பூண்டு வாடை எழுந்தது. பிறகு வெள்ளைப் புகை. பிறகு தரையில் மஞ்சள் தீ. ஒருவன் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தான். தண்ணீர் காய்ந்ததும் மறுபடியும் எரிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த பேச்சிராஜா எழுந்து வந்தான்.

"நம்ம போட்டுல வல எரிஞ்சப்ப இதே வாடதான் டிரைவரே. பீடி குடிச்சாம்னு நம்மகூட வேல பாத்த ராமர வெரட்டி விட்டிய."

வன்னியபெருமாள் அவனைப் பார்க்கவில்லை. எரிந்த தரையையே பார்த்தார். பிறகு ரோச்சின் பக்கம் திரும்பினார்.

"வந்து சொல்லுதேன். சொன்னா எங்க கடல் மட்டும் போவாது, ஒன் பாரும் போயிரும். தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுதான் கேக்கியா?"

"அவன் எங்க அக்கா புருசன்."

வன்னியபெருமாள் சொன்னபடி வந்தார். ஜெபசீலன்மேல் வழக்கு இல்லை என்றார் உமாராணி. டாக்டரும் அது காற்றுப் பட்டால் எரியும் வெள்ளைப் பாஸ்பரஸ் என்று தெரிந்துகொண்டு, புண்ணுக்குள் மிச்சமிருந்த துணுக்குகளைத் தண்ணீருக்கடியிலேயே வைத்து எடுத்தார். அடுத்த வாரம் நடுவப்பாரைச் சுற்றிச் சிவப்பு மிதவைகள் போட்டார்கள். குண்டுகளை அகற்றும்வரை யாரும் இறங்கக் கூடாது. எப்போது அகற்றுவார்கள் என்று கேட்டதற்கு, மேலே எழுதியிருக்கிறோம் என்று பதில் வந்தது. திரேஸ்புரத்தில் ரோச்சை வள்ளத்தில் ஏற்ற யாரும் தயாராக இல்லை. அவன் நடந்து போனால் பேச்சை நிறுத்திவிட்டு மணலில் துப்பினார்கள்.

ஜெபசீலன் வீட்டுக்கு வந்த அன்று ரோச் பார்க்கப் போனான். மச்சான் காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தபடியே பேசினான்.

"தோட்டான்னே எழுதிட்டுப் போவட்டும்னு விட்டுருக்கலாம்ல. உள்ள போயிட்டு வந்தா பார் இருந்துருக்கும்."

"பார் எங்க மச்சான் இருக்கு? சங்கெல்லாம் வெறுங்கூடு."

"அத நீ மட்டுந்தான பாத்த."

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. திங்கட்கிழமை முதல் கடலில் பயிற்சிச் சூடு நடக்கும், மீனவர்கள் பின்வரும் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும் என்று குரல் படித்துக்கொண்டே போனது. கடைசியாக, புதிதாக நடுவப்பாரின் பெயரும் வந்தது. ஜெபசீலன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பனிமயம் வந்து, தம்பிக்கென்று வைத்திருந்த காப்பித் தம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.