மரம் கேட்டால் வலை வரைந்த கணினி

சேகூ நகரத்துப் பயிர் ஆய்வகத்தில் விதை அறை என் பொறுப்பு. கணினி, நான்தெனின் என்ற பெண்ணின் பொறுப்பு. நான் ஜாரா குலம், அவள் த்ராவோரே குலம். எங்கள் மாலி நாட்டில் இந்த இரு குலத்தாரும் பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. ஒருநாள் அவள் திட்டாமல் போனால், உடம்புக்கு என்னவோ என்று நான் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விடுவேன்.

திட்டுகளில் தலையானது 'காராமணி தின்னி'. அதைத் தின்றவன் பின்னால் யாரும் நடப்பதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் காராமணி, அவள் ஊர்க் காராமணி இரண்டின் மரபணுக்களையும் முழுக்கப் படித்துக் கணினியில் ஏற்றியிருந்தோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எது மூத்தது, எது அதிலிருந்து கிளைத்தது என்று மரமாக வரையும் நிரலை அவளே எழுதியிருந்தாள்.

"கிழவா, எந்த ஊர்ப் பயறு மூத்ததோ அந்தக் குலம்தான் முதல்ல தின்ன குலம். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்டி. தோத்தவங்க?"

"அவிச்ச காராமணிப் பானையைத் தலையில வெச்சுக்கிட்டு, 'நாங்கதான் தின்னி'ன்னு கத்திக்கிட்டே சந்தையைச் சுத்தணும்."

அதுவரை என் தலை தொப்பியைத் தவிர எதையும் சுமந்ததில்லை. ஊரிலிருந்த ஜாராக்களுக்கெல்லாம் நான்தான் மூத்தவன். குலத்தின் மானமே என் உச்சியில் உட்கார்ந்திருந்தது. சேதி பரவி, நைஜர் ஆற்றில் நீர்யானைகள்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதை நானே பார்த்தேன்.

கணினி ஓடியது. அது கக்கிய சூட்டில் அதன் தலைமேலேயே கெண்டியை வைத்து மூன்று சுற்றுத் தேநீரும் போட்டுக் குடித்தோம். கடைசியில் திரையில் படம் வந்தது.

"என்னடி இது, மரம் கேட்டா மீன்வலை வரைஞ்சிருக்கு?"

அவள் வேறு முறையில் ஓட்டினாள். மறுபடியும் வலை.

"மரபணுவுல ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு மரம் வருது கிழவா. ஒண்ணுல நீங்க மூத்தவங்க, அடுத்ததுல நாங்க. ரெண்டு பயறும் காலங்காலமா கலந்திருக்கு."

"எப்படிடி கலக்கும்? நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆறு ஓடுதே!"

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவோம், முறைப்படி உங்க குதிர்ல கையை விட்டு விதையைத் திருடிக்கிட்டு ஓடுவோம். நீங்களும் அப்படித்தானே?"

"திருடினதை?"

"விதைச்சிரு…" என்று இழுத்தவன் நிறுத்திக்கொண்டேன். இரண்டு குலமும் பரம்பரை பரம்பரையாகச் செய்த அத்தனை திருட்டும் கணினித் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த பல்லிகள் பிடிநழுவி விழுந்தன.

ஆளுக்குப் பாதித் தோல்வி. அதனால் ஒரே பானையைக் கம்பில் தொங்கவிட்டு, முன்னால் நானும் பின்னால் அவளுமாகச் சந்தைக்குள் நுழைந்தோம்.

"த்ராவோரே தின்னி!" என்று நான்.

"ஜாரா தின்னி!" என்று அவள்.

வெங்காயம் விற்றவள் சிரித்து உருண்டு ஆற்றில் விழுந்தாள். ஆற்றோடு பல நாள் பயணத் தூரத்திலிருக்கும் திம்பக்துவில் கரையேறும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாளாம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் இயக்குநர் சுமானா குலிபாலி வந்தார். குலிபாலி என்றால் 'காராமணி தின்னி' என்று நாடே கேலி செய்யும் குலம்.

"வேலையை விட்டுட்டு இங்க என்னய்யா கூத்து?" என்று கத்த வந்தவர் பானையின் வாசனையை மூக்கால் உறிஞ்சினார். மூடியைத் திறந்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டார்.



"உப்பு பத்தலை," என்றார் மென்றுகொண்டே. "எங்க ஊர்ப் பயறு இதைவிட ருசி. அதையும் கணினியில ஏத்துங்க. எல்லாத்துக்கும் மூத்தது எங்களுதுதான்!"