பச்சைக்குக் காரணம் வேண்டாம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கொக்கி. எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தக் குறிதான் கொக்கி. பாதுகாப்புத் துறையின் சட்டப் பிரிவில் வேலை. ராணுவம் புதிதாக எந்த ஆயுதம் வாங்கினாலும், சர்வதேச ஒப்பந்தங்கள் அதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்து அவள் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது மேசைக்கு வந்திருப்பது ஆளில்லாமல் பறக்கும் விமானம். கீழே போவது எதிரி வண்டியா என்று அதன் கணினியே கண்டுபிடித்துத் திரையில் மஞ்சள் கட்டம் போடும். சுடலாமா கூடாதா என்பதை மட்டும் ஒரு மனிதர் சொல்ல வேண்டும். பச்சைப் பொத்தான் என்றால் சுடு, சிவப்பு என்றால் விடு.

அந்த மனிதர் இருப்பதால்தான் இயந்திரம் சட்டத்துக்கு உட்பட்டது. அடுத்த வாரம் சர்வதேச மாநாட்டில் நாட்டின் தூதர் அடித்துச் சொல்லப் போவதும் இதைத்தான். திங்கட்கிழமை விமானங்கள் எல்லைக்குக் கிளம்புகின்றன. பாக்கி இருந்தது கொக்கியின் கையெழுத்து ஒன்றுதான். இயக்குநர் காலையிலிருந்து மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

சோதனை அறிக்கையில் எல்லாம் சுத்தமாக இருந்தது. இயந்திரம் நானூற்றுப் பன்னிரண்டு முறை கட்டம் போட்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு முறையும் மனிதர் பச்சையை அழுத்தியிருந்தார். பொறியாளர் அதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டுக் கொண்டாடியிருந்தார். தாலி கட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களே நாளுக்கு நாலு விஷயத்தில் முட்டிக்கொள்கிறார்கள், இதென்ன இப்படி ஓர் ஒற்றுமை என்று அவளுக்கு உறுத்தியது. கொக்கி போட்டாள்.

மறுநாள் காலை சோதனைக் கூடத்துக்கே போய்விட்டாள். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், அறிக்கையில் பச்சையை அழுத்திய அதே மனிதர், நாற்பதைத் தாண்டிய சிப்பாய். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் நிதானமான ஆள். கூடத்தின் வாசல் சாலையை முந்தின நாள் விமானத்திலிருந்து படம் பிடித்து மற்றப் படங்களோடு கலந்துவிடும்படி அவள் பொறியாளரிடம் சொல்லி வைத்திருந்தாள். சிப்பாய்க்கு அது தெரியாது.

படம் ஓடியது. உயரமான ஒரு மூடிய வண்டியைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது. ராக்கெட் வண்டி, தொண்ணூற்றொரு சதவீதம் உறுதி என்றது கணினி. சிப்பாயின் விரல் பச்சையை அழுத்திவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவள் படத்தை நிறுத்தச் சொன்னாள். இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கச் சொன்னாள். சிப்பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தார். வண்டிக் கூரையில் ஒரு நசுங்கல். பின்னால் கட்டியிருந்த நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய். அவர் முகம் வெளுத்துப்போனது.

"இது நம்ம சாப்பாட்டு வண்டி மேடம். என் மச்சான்தான் ஓட்டுறான்."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தினமும் பன்னிரண்டரைக்குக் கூடத்துக்கே சாப்பாடு கொண்டுவருகிறவன். பொறியாளர் பதறிக்கொண்டு, இது வெறும் சோதனைதானே, கணினிக்கு இன்னும் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். கொக்கி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இதுவரை ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா, ஏன் சிவப்பை அழுத்தவில்லை என்று சிப்பாயைக் கேட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"சந்தேகம் வரும் மேடம். ஆனா சிவப்பை அழுத்துனா ஒவ்வொண்ணுக்கும் இதை நிரப்பணும், மூணு பக்கம். அப்புறம் மேலதிகாரி கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பாரு. பச்சைக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பயிற்சி வாரத்துல பதினோரு தடவை சிவப்பு அழுத்தினேன். அதோட விட்டுட்டேன்."

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் தயாரித்தவர் பெயர் இருந்தது. அவளுடைய பெயர். சுட மறுத்தவரைப் பின்னால் யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது, காரணம் எழுத்தில் இருக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

பையில் சான்றிதழ் இருந்தது. சம்மதம் என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மறுப்பு என்றால் காரணங்களை விரிவாக எழுதி, மூன்று பிரதி எடுத்து, இயக்குநர் முன்னால் போய் நிற்க வேண்டும். கைபேசி அதிர்ந்தது, அவர்தான். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வேறு வருகிறது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

சிப்பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என் பேர் வருமா மேடம்?"

"வராது. இந்தப் படிவம் நான் போட்டது, முதல் வரியிலயே என் பேர் வரும்."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. மணி பன்னிரண்டரை. சிப்பாய் எழுந்து போனார். மச்சானை இருக்கையைவிட்டு இறங்கவிடாமல், அன்றைக்கு எல்லாப் பாத்திரங்களையும் அவரே இறக்கி வைத்தார்.